நள்ளிரவுப் படபடப்பும் புளித்த ஏப்பமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் முதல்முறை என்னைப் பார்க்க வந்தபோது கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே ஏழு ஈசிஜி தாள்கள். இரண்டு வருடத்தில் மூன்று இடங்களில் எடுத்தவை, ஏழும் நார்மல். கூடவே இருந்த சீட்டுகளில் 'கேஸ்ட்ரைட்டிஸ்' (இரைப்பை அழற்சி) என்று எழுதி, கீழே ஒரு கேஸ் மாத்திரை போட்டிருந்தது.

வயது 54. காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். (அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) லோடு இறங்கும் நேரம் என்பதால் இரவு இரண்டரைக்கெல்லாம் மார்க்கெட்டில் இருக்க வேண்டும். ஒன்பதரைக்குச் சாப்பாடு, பத்து மணிக்குப் படுக்கை. சாப்பாடு என்றால் பெரும்பாலும் கடையில் வாங்கிய பரோட்டா, சால்னா. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"படுத்து ஒரு மணி நேரத்துல நெஞ்சுக்குள்ள புறாவை அடைச்சு வச்ச மாதிரி படபடன்னு அடிக்குது டாக்டர். எந்திரிச்சு உக்காந்து ரெண்டு புளிச்ச ஏப்பம் விட்டா கொஞ்சம் அடங்குது. காலையில போய் ஈசிஜி எடுத்தா ஒண்ணுமில்லைன்னு அனுப்பிடுறாங்க."

இரத்த அழுத்தத்துக்கு ஆறு வருடமாக டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை, மது மாதம் ஒன்றிரண்டு முறை. டீ மட்டும் ஒரு நாளைக்கு ஆறு ஏழு. எடை 82 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். இது போக, அமிலம் குறைக்கும் பேன்டாப்ரசோலும் இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும் டொம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல். எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்ததை மெடிக்கல் ஷாப்பில் பத்துப் பத்தாக வாங்கி ஐந்து வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதையும் சாப்பிட்ட பிறகு, எரிச்சல் வந்தால்தான் போடுவார். எரிச்சலோ தினமும் வரும்.

நான் எடுத்த எட்டாவது ஈசிஜியும் நார்மல். நாடித்துடிப்பு 76, சீராக இருந்தது. 54 வயதுக்காரர் நெஞ்சைக் காட்டும்போது மாரடைப்பு பயத்தைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்பதால் டிரெட்மில் பரிசோதனை செய்தோம், அதிலும் குறை இல்லை. அடுத்து 24 மணி நேர ஹோல்டர், அதாவது இதயத்துடிப்பை விடாமல் பதியும், உடம்பில் மாட்டும் சின்னக் கருவி. மேலறையிலிருந்து சில கூடுதல் துடிப்புகள் மட்டும் பதிவாகியிருந்தன. நானும் "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அது தவறு என்று எனக்குக் காட்டியவர் அவருடைய மனைவி. கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்று கேட்டார்: "அந்த மெஷினை மாட்டியிருந்த அன்னைக்கு இவர் மண்டிக்கே போகலையே டாக்டர்? எட்டு மணிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு அப்பறம் பதினோரு மணிக்குத்தான் படுத்தார்." ஹோல்டர் கட்டியிருக்கிறதே என்ற பயத்தில், எந்தப் பழக்கம் படபடப்பைக் கொண்டுவருகிறதோ அதையே அன்றைக்கு அவர் விட்டிருந்தார். நாங்கள் பதிவு செய்தது அவருடைய வழக்கமான இரவே இல்லை. ஹோல்டர் எழுதும்போதெல்லாம் "தினமும் செய்வதையே செய்யுங்கள், தினமும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள்" என்று இப்போது நான் சொல்வது அந்த அம்மாவிடம் கற்றது.

படபடப்பு வந்தால் விடியக் காத்திருக்காமல் அந்த நிமிடமே பக்கத்தில் எங்கே முடியுமோ அங்கே ஈசிஜி எடுங்கள் என்று சொல்லியிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இரவு 12.40-க்கு எடுத்தார்கள். அந்த ஒன்பதாவது தாளில் துடிப்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒன்றைப் போல் ஒன்று இல்லை. மேலறை சுருங்குவதைக் காட்டும் சின்ன மேடான 'பி' அலை எங்குமே இல்லை. வேகம் நிமிடத்துக்கு 132. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுநடுங்கிக்கொண்டிருக்கும் தாளக்கோளாறு. விடியற்காலை நாலு மணிக்குள் தானாகவே சரியாகிவிட்டது. வழக்கம்போல் காலையில் எடுத்திருந்தால் ஒன்பதாவதும் நார்மல்தான்.

இந்த இடத்தில் எதுக்களிப்பை, அதாவது இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறி அந்த எரிச்சலையும் புளித்த ஏப்பத்தையும் கொண்டுவருவதை, கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று தெரிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது ஏன் வந்தது என்பதல்ல. பக்கவாதம் வராமல் எப்படித் தடுப்பது என்பதுதான். நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்குப் போகும். இந்தக் கோளாறு பக்கவாத ஆபத்தைச் சுமார் ஐந்து மடங்காக்குகிறது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய பலவீனம், முன்பு பக்கவாதம் வந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து ஒரு மதிப்பெண் போடுவோம். இவருக்கு இரத்த அழுத்தத்துக்காக ஒன்று. கட்டாயம் மருந்து வேண்டும் என்று சொல்லும் எண் அல்ல, யோசித்து முடிவெடுக்க வேண்டிய எண். இதய மருத்துவரும் நானும் அவரோடு உட்கார்ந்து பேசினோம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தொடங்குவது என்று முடிவானது.

முதலில் கொடுத்தது டாபிகாட்ரான். நாலாவது நாளே போன்: "தொண்டை வரைக்கும் எரியுது டாக்டர்." ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த மருந்து உடலில் சேர அமிலம் வேண்டும் என்பதால் அந்தக் கேப்சூலுக்குள்ளேயே டார்டாரிக் அமிலம் இருக்கிறது. 2009-இல் வெளியான அதன் பெரிய ஆய்வில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு வயிற்று எரிச்சல், செரிமானத் தொல்லை வந்தது. இரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின் எடுத்தவர்களில் அது சுமார் 6 பேர்தான். போதாக்குறைக்கு இவர் அதைப் படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கியிருக்கிறார். எதுக்களிப்பு உள்ளவருக்கு அதைத் தவிர்த்திருக்க வேண்டும். அபிக்சபான் 5 மில்லிகிராம் இரண்டு வேளை என்று மாற்றினோம்.

துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மருந்திலும் இதே யோசனை தேவைப்பட்டது. டில்டியாசம், வெராபமில் போன்றவை உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வுத் தசையைத் தளர்த்தும், எதுக்களிப்பு கூடலாம். அதனால் மெட்டோபிரலால், குறைந்த அளவில்.

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக முடிய ஒன்றரை மாதம் ஆனது. எக்கோவில் (இதய ஸ்கேன்) இடது மேலறை கொஞ்சம் பெரிதாக, 41 மில்லிமீட்டர். இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 62 சதவீதம், நல்லபடி. தைராய்டு சரி. குறட்டை பயங்கரம் என்று மனைவி சொன்னதால் தூக்கப் பரிசோதனை செய்தோம். மணிக்கு 22 முறை மூச்சு தடைபடுகிறது. எண்டோஸ்கோப்பியில் 3 சென்டிமீட்டர் ஹையாட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் துவாரம் வழியே நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது. உணவுக்குழாயின் அடியில் அரிப்புப் புண்கள், லாஸ் ஏஞ்சலஸ் வகைப்பாட்டின் நாலு நிலைகளில் இரண்டாவதான பி நிலை. ஐந்து வருடம் மாத்திரை போட்டும் புண் ஆறவில்லை.

இந்த ஒன்றரை மாதத்தில் அவரிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். தினமும் சாப்பிட்ட நேரம், படுத்த நேரம், படபடப்பு வந்ததா, எரிச்சல் இருந்ததா என்று எழுதி வையுங்கள் என்று. அழகான நோட்டுப் புத்தகத்தை நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் கொண்டுவரவில்லை. மண்டிச் சிட்டைகளை ஒரு நூலில் கோத்துக் கொண்டுவந்தார். முன்பக்கம் கத்தரிக்காய் 14 மூட்டை, தக்காளி 40 பெட்டி. பின்பக்கம் 'சா 9.40, ப 10.10, பட 11.25, எரி உண்டு'. மொத்தம் 42 சிட்டை, 42 இரவு.

உட்கார்ந்து எண்ணினேன். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் படுத்த இரவுகள் 26, அதில் படபடப்பு வந்தவை 9. நேரம் விட்டுப் படுத்த இரவுகள் 16, அதில் வந்தவை 2. ஒருவரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு, எதையும் நிரூபிக்கப் போதாது. ஆனால் இவருக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லப் போதும். அந்த 2 இரவுகளையும் நான் மறக்கவில்லை. எரிச்சல் இல்லை, பரோட்டா இல்லை, ஆனாலும் வந்தது.

வயிற்றுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டபோது சிட்டை ஒன்றின் பின்புறத்திலேயே படம் போட்டுக் காட்டினேன். உணவுக்குழாய் நெஞ்சின் நடுவில், முதுகெலும்புக்கு முன்னால் இறங்குகிறது. இறங்கும் வழியில் இதயத்தின் இடது மேலறையின் முதுகை ஒட்டியே போகிறது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தூண்டும் பொறிகளில் பெரும்பாலானவை அதே இடது மேலறைக்குள் திறக்கும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று பிரான்ஸின் ஐசாகேர் குழு 1998-இல் காட்டியது. அமிலம் பட்டுப் புண்ணான குழாயும் பொறி கிளம்பும் இடமும் அடுத்தடுத்த வீடு.

இரண்டாவது வழி, வேகஸ் நரம்பு. உணவுக்குழாய், இரைப்பை, இதயம் மூன்றுக்கும் இந்த ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. உணவுக்குழாயில் அமிலம் ஏறும்போது இந்த நரம்பு தூண்டப்படுகிறது. வேகஸ் தூண்டப்பட்டால் மேலறைத் தசை ஒரு துடிப்புக்குப் பிறகு ஓய்வெடுக்கும் நேரம் சுருங்குகிறது, அதுவும் இடத்துக்கு இடம் வேறுபட்டு. தாறுமாறான மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓட அது வசதி. இரவில், ஓய்வில், சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இந்த வகையை பிரெஞ்சு மருத்துவர் ஃபிலிப் கூமெல் விரிவாகவே எழுதியிருக்கிறார். இதில் மெட்டோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகள் சிலருக்கு உதவாது, சிலருக்கு மோசமாக்கவும் கூடும். அதனால்தான் மெட்டோபிரலாலைக் குறைந்த அளவிலேயே வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, இடநெருக்கடி. நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பை இடது மேலறையை அழுத்தலாம். இவருடைய 3 சென்டிமீட்டர் ஹெர்னியா அவ்வளவு பெரிதில்லை. 1912-இலேயே ஜெர்மானிய மருத்துவர் லூட்விக் ரோம்ஹெல்ட், வயிறு உப்பி உதரவிதானம் மேலே தள்ளப்படும்போது இதயத்தில் வரும் தொல்லைகளை ஒரு தனித் தொகுப்பாக விவரித்தார். நம் பாட்டிமார்கள் "வாயு நெஞ்சுல ஏறிடுச்சு" என்று சொன்னதில் ஒரு பார்வை இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த வார்த்தையோடு விசாரணை நின்றுபோனதில்தான் கோளாறு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதிலும் நிதானம் வேண்டும். 2012-இல் வந்த தைவான் ஆய்வு எதுக்களிப்பு நோய் உள்ள சுமார் 30 ஆயிரம் பேரை, அது இல்லாத கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை ஆட்களோடு ஒப்பிட்டது. எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் ஆபத்து சுமார் 31 சதவீதம் கூடுதல். அதற்கு முன் 2008-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு வட்டாரத்து மக்களைப் பார்த்த ஆய்வில் எதுக்களிப்புக்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. உணவுக்குழாய் புண்ணானவர்களுக்கு மட்டும் ஆபத்து கூடியதாகத் தெரிந்தது, மற்ற காரணங்களையும் கணக்கில் சேர்த்ததும் அதுவும் மறைந்தது. 2003-இல் ஒரு சின்ன முயற்சி: விட்டுவிட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும், உணவுக்குழாய்ப் புண்ணும் உள்ள 18 பேருக்கு அமிலம் குறைக்கும் மருந்து கொடுத்ததில் 14 பேருக்கு ஏதாவது ஒரு தொல்லையாவது குறைந்தது. ஒப்பிட எதிர்க்குழு இல்லாத ஆய்வு அது. எடை, குறட்டை நோய், மது ஆகியவை இரண்டு நோய்க்குமே பொதுக் காரணங்கள் என்பதால் எது எதைக் கொண்டுவருகிறது என்று பிரித்துச் சொல்வது லேசில்லை. எதுக்களிப்பு சிலருக்குத் தூண்டுகோல், அதுவே முழுக் காரணமாக இருப்பது அபூர்வம். நான் இப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது ஐந்து வருடம் போட்ட அந்த கேஸ் கேப்சூல்தான்.

எண்டோஸ்கோப்பி முடிவைப் படித்துவிட்டு, ஐந்து வருடம் தினமும் பேன்டாப்ரசோல் போட்டிருக்கிறாரே என்று யோசித்தபோதுதான் மக்னீசியம் பார்க்கவில்லை என்பது உறைத்தது. முதல் வாரமே கேட்டிருக்க வேண்டிய பரிசோதனை. முடிவு ஒரு டெசிலிட்டருக்கு 1.3 மில்லிகிராம். 1.7-க்கு மேல் இருக்க வேண்டும். பொட்டாசியமும் 3.5, ஓரத்தில்தான். இந்த வகை அமிலம் குறைக்கும் மருந்துகளை நெடுநாள், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், எடுப்பவர்களுக்கு மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் கால்வாசிப் பேருக்கு மக்னீசியம் கொடுத்தது மட்டும் போதவில்லை, அந்த மருந்தையே நிறுத்த வேண்டியிருந்தது. இவருக்கு இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீர் வழியே மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். இவை குறைந்தால் இதயத் தசையின் மின்சமநிலை ஆட்டம் காணும்.

கேப்சூலின் மற்றப் பாதி டொம்பெரிடோன். அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதல்ல. அதன் ஆபத்து இதயத்தின் கீழறையில், இன்னும் கொடிய தாளக்கோளாறுகளில். இதே வேலையைச் செய்த சிசாப்ரைடு அதனாலேயே 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது, 2011-இல் இந்தியாவிலும் தடையானது. டொம்பெரிடோனை வாந்திக்கும் குமட்டலுக்கும் மட்டும், குறைந்த அளவில், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பாவில் 2014-இல் கட்டுப்படுத்தினார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் குறைந்த ஒருவர் அதை ஐந்து வருடம் தினமும் விழுங்கியிருக்கிறார், மளிகைச் சாமான் வாங்குவதுபோல் வாங்கி. சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

புண் ஆற வேண்டுமானால் அமிலம் குறைக்கும் மருந்து வேண்டும். மக்னீசியம் ஏற வேண்டுமானால் அதே மருந்து குறைய வேண்டும். டொம்பெரிடோனை அன்றே நிறுத்தினேன். தயசைடை எடுத்துவிட்டு டெல்மிசார்டானை மட்டும் வைத்தேன். மக்னீசியம் மாத்திரையாகக் கொடுத்தேன். பேன்டாப்ரசோலை எட்டு வாரம் மட்டும், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், வெறும் வயிற்றில். சாப்பிட்ட பிறகு போட்டால் அதன் முழுப் பலன் கிடைக்காது என்பதை இவருக்கு ஐந்து வருடத்தில் யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் மக்னீசியம் 1.6, ஏழாவது வாரம் 1.8. எட்டு வாரம் கழித்து மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, தேவைப்படும் இரவில் மட்டும் ஃபமோடிடின் (அமிலம் குறைக்கும் வேறு வகை மருந்து) என்று கொண்டுவந்தோம்.

மருந்தைவிட அதிகம் பேசியது சாப்பாட்டைப் பற்றித்தான். மார்க்கெட் நேரத்தை மாற்ற முடியாது, சரி. சாப்பாட்டு நேரத்தை மாற்றலாம். ஏழு மணிக்கு வீட்டில் கனமில்லாத சாப்பாடு, பத்து மணிக்குப் படுக்கை. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை கீழே தங்கி எதுக்களிப்பு குறையும் என்று சொன்னேன். அப்படிப் படுத்தால் இதயம் இடிப்பது காதில் கேட்கிறது, தூக்கம் வரவில்லை என்றார். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிற்றைத்தான் அழுத்தும். கடைசியில் வீட்டுக் கொல்லையில் கிடந்த செங்கல் கைகொடுத்தது. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே இரண்டிரண்டு கல், ஏறக்குறைய ஆறு அங்குலம். முதல் வாரம் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே போகிறேன் என்று புகார், அப்புறம் பழகிவிட்டது. குறட்டைக்கு முகத்தில் மாட்டும் காற்றுக் கருவியைப் பிடிக்காமல்தான் ஏற்றுக்கொண்டார். ஐந்து மாதத்தில் எடையும் 6 கிலோ குறைந்தது.

அடுத்த மூன்று மாதத்தில் படபடப்பு இரண்டே முறை. ஒன்று மச்சான் வீட்டு விருந்தன்று. இதில் எது வேலை செய்தது? மக்னீசியமா, ஏழு மணிச் சாப்பாடா, செங்கல்லா, எடையா, மூச்சுத் தடை தீர்ந்ததா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் பிரித்துச் சொல்ல முடியாது. எதுக்களிப்பைச் சரி செய்ததால் இதயம் சரியானது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுத மாட்டேன்.

ஐந்தாவது மாதம் அவரே கேட்டார். "எல்லாம் கேஸாலதான் வந்திருக்கு, அது சரியாயிடுச்சு. அந்த ரத்த மாத்திரையை விட்டுரலாமா டாக்டர்?" நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன், ஏழு நாள் நெஞ்சில் ஒட்டும் பேட்ச் மானிட்டர் போட்டோம். இந்த முறை மண்டிக்குப் போகச் சொல்லி, வழக்கப்படி இருக்கச் சொல்லி. நாலாவது நாள் இரவு 1.10-க்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தொடங்கி 38 நிமிடம் ஓடியிருக்கிறது. அன்றைய சிட்டையில் 'நல்ல தூக்கம்' என்று எழுதியிருந்தார்.

அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மனைவிதான் முதலில் புரிந்துகொண்டார்: "அப்ப, தெரியாமலும் வருது." ஆமாம். அபிக்சபான் தொடர்கிறது.

இனிமேல் அடிக்கடி வந்தால் அப்லேஷன் (பொறி கிளம்பும் இடங்களைச் சுட்டு அடக்கும் சிகிச்சை) பற்றி யோசிக்கலாம் என்று இதய மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கும் உணவுக்குழாய் ஆரோக்கியமாக இருப்பது நல்லது. மேலறையின் பின்சுவரில் வெப்பத்தால் சுடும்போது அந்தச் சில மில்லிமீட்டர் தாண்டி உணவுக்குழாயும் சுடப்படலாம். மிக அரிதாக, சில வாரம் கழித்து இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழுந்து உயிருக்கே ஆபத்தாவதுண்டு. சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் அமிலம் குறைக்கும் மருந்து கொடுப்பது அதனால்தான்.

போன வாரம் வந்திருந்தார். மக்னீசியம் 1.9. நெஞ்சை அழுத்திப் பிடித்து வியர்த்தால், வாய் கோணினால், ஒரு கை வலுவிழந்தால், ஏப்பம் வந்தாலும் வராவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரி என்பதை மறுபடி சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது பக்கத்துக் கடைக்காரர் ஒருவரை உள்ளே அழைத்தார். அவருக்கும் இரவில் படபடப்பாம், அவர் கையிலும் அதே கேப்சூல் அட்டை. எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, ஈசிஜியும் மக்னீசியமும் எழுதிக் கொடுத்தேன்.